மீண்டும் வைக்கவும்

குருநகரில் பழைய ஐஸ் பக்டரி.
கூரைத் தகரம் பாதிதான் மிச்சம்.
உள்ளே கண்காட்சி,
றோல்ஸும் பிளேன்ரீயும் சும்மா தருகினமாம் என்று
றொசிற்றாதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

முதல் அறையில்
இருநூறு சோடி றப்பர் சப்பாத்து,
எல்லாம் சுவரைப் பார்த்தபடி.
அடுத்ததில் ஒரு தையல் மெசின்
துணியே இல்லாமல் தைத்துக்கொண்டிருந்தது.
"பாவம், அதுக்கும் ஓவர்ரைம்" என்றாள்.
சிரித்தோம்.
கம்பஸ் பெடியன் ஒருவன்
கோயிலுக்குள் சிரித்ததுபோலத் திரும்பிப் பார்த்தான்.

மூன்றாவது அறையில் என் விரல்.

ஆள் உயரம்.
கறுப்பில் வெள்ளை வரிகள்,
கடல் வற்றின நேரம் களப்பில் மணல் கிடக்குமே,
அப்படி.
நடுவில் சாய்வாக ஒரு கீறல்:
பத்தாம் வகுப்பில் மீன்பேணி வெட்டினது.
கீழே சின்ன எழுத்தில்
தொழிலாளி 0047.

பக்கத்தில் அந்த மெசின்.
முகம் பார்க்கிற புதுசு வந்த பிறகு
கம்பனி கழித்துவிட்டதை
பழைய இரும்புக் கடையில்
ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கினாராம் சாருகன்.
"உள்ளுக்க அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்
இன்னும் இருக்கினம்" என்று
கமராவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தேழு நான்தான் என்றேன்.

கமரா என் பக்கம் திரும்பியது.
"வையுங்கோ அக்கா, வையுங்கோ."

வைத்தேன்.
விரலை மீண்டும் வைக்கவும்.

அதே பெண்குரல்.
ஆறு வருசமாகத் தெரியும் அவளை.
தடிமன் பிடிக்காத தொண்டை,
விடிய ஆறு மணிக்கும் நித்திரை ஒட்டாத குரல்.
துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
பாவாடையில் தேய்த்து வைத்தேன்.
மீண்டும் வைக்கவும்.

நீலக்கால் நண்டு ஒரு நாளைக்கு ஒன்பது கிலோ சதை.
கையுறை போட்டால்
ஓட்டுத் துண்டு தட்டுப்படாது,
ஆகவே வெறுங்கை.
முள், ஐஸ், குளோரின் தண்ணி,
பிறகும் முள்.
வரிகள் எந்தக் கிழமை போயின என்று
யார் பார்த்தது.
டின்னில் அடைத்து அமெரிக்கா போனதில்
கொஞ்சம் நானும் போயிருப்பேன்,
நிறையில் சேராமல்.

பார்க்க வந்தவர்களும் வரிசையில் நின்று வைத்தார்கள்.
கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ்,
கண்ணாடி போட்ட ஒரு சேர்,
ஒரு குழந்தையின் விரலைக்கூடப் பிடித்து.
எல்லாருக்கும் அதே பதில்.
அவர்களுக்கு அது விளையாட்டு.
வரி வரியாய் விரல் வைத்திருந்தும்
உள்ளே பெயர் இல்லாத சந்தோசம்.

பிறகுதான் ஞாபகம் வந்தது
இடக்கைச் சின்னிவிரல்.

கடைசி வருசம் சுப்பவைசர்
பத்து விரலையும் பார்த்துக் களைத்து
அதைத்தான் பதிந்தான்.
நண்டு உடைக்கும்போது
அது மட்டும் நண்டில் படாது,
கப்பில் ரீ குடிக்கிற பெரிய இடத்துப் பெண்போல
தனியாக நிற்கும்.

வைத்தேன்.
நன்றி.
பச்சை லைற்.
உடனேயே சிவப்பு: பிந்தி வந்துள்ளீர்கள்.

கைதட்டினார்கள்.
சாருகனுக்குக் கண் கலங்கிவிட்டது.
எனக்கு வயிறு பிசைந்தது,
பிந்தினால் அரைநாள் வெட்டு.
இது அந்த இடமில்லை என்று
வயிற்றுக்கு யார் சொல்வது.

"ஞாயிறு மட்டும் பின்னேரத்தில வந்து
இதுக்குப் பக்கத்தில நிப்பீங்களா அக்கா?
நீங்கள் நிண்டால்தான் இது முழுமை."

எவ்வளவு தருவியள் என்று கேட்டேன்.
அவர் சுவரைப் பார்த்தார்.
சுவரில் நான் இருந்தேன்.

பீச் றோட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில்
றொசிற்றா எடுத்த படம் போனுக்கு வந்தது.
என் போனும் விரலை ஏற்காது.
ஒன்பது புள்ளியில் எழுத்துப் போட்டுத்தான் திறப்பேன்:
இறக்கி, இழுத்து, ஏற்றினால் ப.
பெனடிற்றாவுக்குக் கொம்பு வேணும்.
ஒன்பது புள்ளிக்குள் கொம்புக்கு இடமில்லை.

கொம்பில்லாமலே திறந்தது.
படம் முழுக்க விரல்.
ஓரத்தில் நான்,
வாய் நிறைய றோல்ஸ்.